பிள்ளைக்கு இசக்கி என்று பெயர் வைக்கப் போகிறீர்களா? நெல்லைப் பெயரைத் தாளில் ஏற்றும் வழி

என் பெயர் இசக்கியில் தொடங்கும். ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி. தமிழில் எல்லாம் ஒன்றுதான். ஆங்கிலத்தில்தான் நான் மூன்று ஆள். என் மகன் பிறந்தபோது இந்த மூன்று பேரில் யார் அவனுக்கு அப்பா என்று ஜன்னல் ஜன்னலாக விளக்கிக்கொண்டு நின்றேன். அந்த அலைச்சல் இன்னொருவருக்கு வேண்டாம்.

குலசாமி பெயரைப் பிள்ளைக்கு வைக்க நினைக்கும் இளம் பெற்றோர், நெல்லைப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்து “இதென்ன பேரு?” என்று முழிக்கும் மருமகள்கள், சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கொண்டு பிரசவத்துக்கு மட்டும் ஊருக்கு வருபவர்கள், இவர்களுக்காகத்தான் இது. விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொதுவானவை. பெயர்களும் சிக்கல்களும் நம் பக்கத்துச் சரக்கு.

1. எந்தச் சாமி, யார் நேர்ந்தது என்று கேளுங்கள்

நெல்லைச் சீமையில் பழைய பெயர்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு கோவிலிலிருந்து வந்தவை. பெயரைச் சொன்னால் ஊரைச் சொல்லிவிடலாம். நெல்லையப்பன், காந்திமதி என்றால் டவுன் கோவில். கோமதி, சங்கரன் என்றால் சங்கரன்கோவில். உலகநாதன், உலகம்மாள் என்றால் பாபநாசம் அல்லது தென்காசி. சொரிமுத்து என்றால் காரையாறு. நம்பி என்றால் திருக்குறுங்குடி, வானமாமலை என்றால் நாங்குநேரி. மைதீன் என்ற பெயர் பொட்டல்புதூர்ப் பள்ளிவாசலுக்கு நேர்ந்துகொண்ட குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும்.

இசக்கி, பேச்சி, சுடலை, மாசானம், முப்பிடாதி, பலவேசம் போன்றவை ஊர்ச் சாமிகளின் பெயர்கள். கொடை விழாவும் வில்லுப்பாட்டும் நடக்கும் பீடங்களிலிருந்து வந்தவை. இசக்கி என்பது இயக்கி என்ற பழைய சொல்லின் மருவு. பிள்ளை வரம் தருபவள், பிள்ளையைக் காப்பவள் என்று நம்பி அவள் பெயரை ஆண் பெண் இருபாலருக்கும் வைப்பார்கள். சுடலை என்றால் சுடுகாடு. அந்தப் பொருள் தெரிந்த நாளிலிருந்து பலர் அதை விட்டுவிட்டார்கள். எங்கள் வகுப்பில் இசக்கிமுத்துகள் இரண்டு பேர் இருந்ததால் வாத்தியார் இனிஷியலோடுதான் கூப்பிடுவார். இன்றைக்கு என் மகன் வகுப்பில் இசக்கி என்று ஆரம்பிக்கும் பெயர் அவனுடையது மட்டும்தான். பேச்சிமுத்துவும் சுடலைக்கண்ணுவும் தாத்தா பெயர்களாகிவிட்டன. சமீபமாக நான் பார்ப்பது, முன்னால் இசக்கி, பின்னால் ஒரு புதுப்பெயர் என்ற ஒட்டு. தாத்தாவுக்கும் திருப்தி, பிள்ளையின் அம்மாவுக்கும் திருப்தி.

இங்கே கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. நேர்ந்துகொண்டவர் என்ன சொல்லி நேர்ந்தார்? “உன் பேரை வைக்கிறேன் தாயே” என்று ஆச்சி வேண்டியிருந்தால், சான்றிதழிலேயே அந்தப் பெயர் வரவேண்டுமா, சாமி முன்னால் கூப்பிட்டால் போதுமா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். பல ஆச்சிமார் நாம் நினைப்பதைவிட விட்டுக்கொடுப்பவர்கள். கோவிலில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் என்று அவர்கள் தலைமுறையிலேயே நடந்திருக்கிறது. கேட்காமல் நவீனப் பெயரைப் பதிந்துவிட்டு, அடுத்த கொடையில் சாமியாடி கேள்வி கேட்டதும் ஓடிப்போய்ப் பெயர் மாற்ற அலைந்தவர்களை எனக்குத் தெரியும். பதிந்த பெயரை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று கீழே வருகிறது.

2. இருபத்தொரு நாளையும் பன்னிரண்டு மாதத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்

எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். பிறப்பைப் பதிய வேண்டிய கெடு 21 நாள். பெயருக்கு அந்தக் கெடு கிடையாது. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். பதிவு செய்த தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதைத் தாண்டினால் 15 வருடம் வரை 200 ரூபாய் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம்.

ஆனால் மருத்துவமனையில் என்ன நடக்கும்? டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டும் அவசரத்தில், “பேரு என்ன சார், சீக்கிரம் சொல்லுங்க, சிஸ்டத்துல ஏத்தணும்” என்பார்கள். நீங்களும் பதற்றத்தில் மைத்துனன் வாட்ஸாப்பில் அனுப்பிய பட்டியலிலிருந்து ஒன்றைச் சொல்லிவிடுவீர்கள். அது ஏறிவிடும். ஒருமுறை ஏறிய பெயரை எழுத்துப்பிழைக்காகத் திருத்தலாமே தவிர, வேறு பெயராக மாற்றித் தரமாட்டார்கள். அதனால் பெயர் முடிவாகவில்லை என்றால், “பேர் இன்னும் வைக்கல, காலியா விடுங்க” என்று தைரியமாகச் சொல்லுங்கள். அதில் தப்பே இல்லை.

மறுபக்கமும் சொல்லவேண்டும். காலியாக விட்டுவிட்டு மறந்துபோகிறவர்கள்தான் அதிகம். பெயரில்லாத சான்றிதழை வைத்துக்கொண்டு பள்ளியில் சேர்ப்பதும் பாஸ்போர்ட் எடுப்பதும் பெரும்பாடு. முதல் பிறந்தநாளுக்கு முன்பே வேலையை முடித்துவிடுங்கள்.

பிறப்பையே 21 நாளில் பதியவில்லை என்றால் தாமதக் கட்டணமும் விளக்கமும் கேட்பார்கள். ஒரு வருடம் தாண்டிவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியரின் உத்தரவு வேண்டும். நம் மாவட்டத்தில் அது திருநெல்வேலி அல்லது சேரன்மகாதேவி. மருத்துவமனைப் பிரசவத்தில் பதிவுக்குத் தகவல் தரவேண்டியது மருத்துவமனையின் பொறுப்பு என்பதால் இந்த நிலை பெரும்பாலும் வராது. வீட்டுப் பிரசவம் என்றால் குடும்பத்தலைவர்தான் போய்ச் சொல்லவேண்டும்.

3. பிரசவத்துக்கு முன்பே அப்பா அம்மா பெயரைச் சரிபாருங்கள்

பிள்ளையின் பெயரைப் பற்றி மாதக்கணக்கில் பேசுகிறோம். அப்பா பெயரை யாரும் பார்ப்பதில்லை. சான்றிதழில் அப்பா, அம்மா பெயர்களும் அச்சாகும். அவை உங்கள் ஆதாரோடும் மற்றத் தாள்களோடும் ஒத்துப்போகவில்லை என்றால், பிற்பாடு பிள்ளையின் பாஸ்போர்ட்டில் போய் நிற்கும்.

ஆறாம் ஏழாம் மாதத்திலேயே இருவரும் உட்கார்ந்து பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பான், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் ஒரு மேசையில் பரப்பி எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபட்டால் பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றதை மாற்றுங்கள். அதைத் திருத்துவதுதான் எல்லாவற்றிலும் கடினம். ஆதாரில் பெயர்த் திருத்தத்துக்கு 2025 அக்டோபர் முதல் 75 ரூபாய். ஆயுளுக்கு இரண்டு முறைதான் பெயரை மாற்ற முடியும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு எழுத்துக்காக ஒன்றைச் செலவழித்துவிட்டு, கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயர் சேர்க்க இன்னொன்றைச் செலவழித்தால் கணக்கு முடிந்தது.

இன்னொன்று பிக்மி எண். கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து வாங்கும் 12 இலக்க எண் அது. தமிழ்நாட்டில் பிறப்புப் பதிவுக்கு அதைக் கேட்பார்கள். தனியார் மருத்துவமனையில் பார்க்கிறோம், நமக்கு எதற்கு என்று விடாதீர்கள். வெளியூரில் பதிந்துவிட்டு ஊருக்குப் பிரசவத்துக்கு வருபவர்கள் அந்த எண் உள்ள அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள். அந்த எண்ணுக்குக் கீழ் ஏறியிருக்கும் அம்மாவின் பெயரையும் ஒருமுறை பாருங்கள். பிழை அங்கிருந்தே தொடங்கிச் சான்றிதழ் வரை வருவதுண்டு.

4. ஆங்கில எழுத்தை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

நம் பக்கத்துப் பெயர்களுக்கு வரும் தொல்லையில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

இசக்கியை எடுத்துக்கொள்வோம். எழுதுவது இசக்கி, கூப்பிடுவது எசக்கி. அதனால் ஆங்கிலத்தில் பாதிப் பேர் ‘இ’யில் (E) ஆரம்பிக்கிறார்கள்: இ, எஸ், ஏ, கே, கே, ஐ. மீதிப் பேர் ‘ஐ’யில் (I) ஆரம்பிக்கிறார்கள்: ஐ, எஸ், ஏ, கே, கே, ஐ. நடுவில் ஒரு ‘கே’யை விழுங்கிவிட்டவர்கள் தனி. பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் விண்ணப்பம் தட்டிய பெண் என்னிடம் கேட்ட கேள்வி இது: “அண்ணாச்சி, உங்களுக்கு இ-யா ஐ-யா? காலைல வந்தவுக ரெண்டு பேருக்கு இ, ஒருத்தருக்கு ஐ.” அவளுக்கு இருந்த கவனம் எனக்கு முன்பு தட்டிய பலருக்கு இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

பேச்சிக்கு நடுவில் ‘டி’ போடுவதா வேண்டாமா என்று ஒரு பஞ்சாயத்து. ஆவுடையம்மாளுக்கு ஆரம்பத்தில் ஒரு ‘ஏ’யா இரண்டு ‘ஏ’யா, நடுவில் ‘ஐ’யா ‘ஒய்’யா? மைதீனுக்கு ‘எம், ஒய்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு, ‘எம், ஓ, எச்’ என்று நீட்டுகிறவர்கள் உண்டு. அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டில் ஆளுக்கொரு விதமாக எழுதி, பாகப்பிரிவினையின்போது முழித்ததைப் பார்த்திருக்கிறேன். குழல்வாய்மொழி என்ற அருமையான குற்றாலத்துப் பெயரை வைக்க நினைப்பவர்கள், ‘ழ’ வரும் இரண்டு இடத்திலும் ‘இசட் எச்’ போடுவதா, வெறும் ‘எல்’ போடுவதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு இடத்தில் அது, மறு இடத்தில் இது என்று போகாதீர்கள்.

என் யோசனை இதுதான்:

வீட்டில் ஏற்கெனவே அந்தப் பெயர் உள்ளவர் இருந்தால், அவருடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழிலோ பாஸ்போர்ட்டிலோ உள்ள எழுத்துகளை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா ‘இ’ என்றால் பிள்ளையும் ‘இ’. இலக்கணப்படி எது சரி என்ற வாதம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

எண்கணிதக்காரரிடம் போவதாக இருந்தால் பிறப்பைப் பதிந்த பின், பெயர் சேர்க்கும் முன் போங்கள். சேர்த்த பிறகு போனால் அவர் கூடுதலாக ஒரு ‘ஏ’ போடச் சொல்வார், நீங்கள் ஆபீஸ் ஆபீஸாக அலைவீர்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. உங்களுக்கு இருந்தால் நேரம் பார்த்துப் போங்கள் என்றுதான் சொல்கிறேன்.

முடிவான பெயரை ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு எழுதுங்கள். அந்தத் தாளைப் படமெடுத்துக் கணவன், மனைவி, இருவரின் பெற்றோர் என்று எல்லாப் போனிலும் போட்டுவையுங்கள். யார் ஆபீசுக்குப் போனாலும் வாயால் சொல்லாமல் அந்தத் தாளைக் காட்டட்டும். கூட்ட நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே நின்று “இசக்கி” என்று கத்தினால் உள்ளே “சக்தி” என்று விழும்.

தமிழ் எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்தில் தட்டினால் தமிழைத் தானே போட்டுக்கொள்ளும் மென்பொருளுக்கு நம் பெயர்கள் பழக்கமில்லை. முத்து முது ஆகிவிடும், பேச்சி பெச்சி ஆகிவிடும். திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லித் தமிழையும் படித்துப் பார்த்த பிறகே சரி சொல்லுங்கள்.

5. இனிஷியலும் இடைவெளியும்

அப்பா பெயருக்குத் தனிக் கட்டம் இருப்பதால், பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயரோடு இனிஷியலை ஒட்ட வேண்டிய அவசியமில்லை. பெயரை மட்டும் எழுதுவதே நல்லது என்பது என் கருத்து.

இனிஷியலைத் தமிழில் எழுதும்போது ஒரு வேடிக்கை நடக்கும். 2021-இல் இனிஷியலையும் தமிழிலேயே எழுதவேண்டும் என்று அரசு உத்தரவு வந்தது. அப்பா பெயர் இசக்கிமுத்து என்றால் பிள்ளைக்கு ‘இ.’ என்று வரவேண்டும். ஆங்கிலத்தில் ‘ஐ’யில் எழுதும் குடும்பத்துப் பிள்ளைக்கு, பள்ளியில் அந்த ஆங்கில எழுத்தின் ஓசையை அப்படியே எழுதி ‘ஐ. கோமதி’ ஆக்கிவிடுகிறார்கள். சண்முகத்தின் மகள் ‘ச.’ ஆகாமல் ‘எஸ்.’ ஆவதும் இப்படித்தான். சேர்க்கைப் பதிவேட்டில் ஏறும் அன்றே பார்த்துச் சொல்லுங்கள். அம்மா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக வைக்கவும் தமிழ்நாட்டில் தடையில்லை.

அடுத்தது இடைவெளி. இசக்கிமுத்து என்பது ஒரே பெயர். ஆங்கிலத்தில் நடுவில் இடம் விட்டு எழுதினால் சில கணினிகள் ‘முத்து’வைக் குடும்பப் பெயராகப் பிரித்துவிடும். அப்புறம் விமான டிக்கெட்டில் நீங்கள் மிஸ்டர் முத்து. ஒட்டு வைத்த புதுப்பெயர்களுக்கு, அதாவது இசக்கியும் இன்னொரு பெயரும் சேர்ந்தவற்றுக்கு, சேர்த்தா பிரித்தா என்று இப்போதே முடிவு செய்து, எல்லாத் தாளிலும் அதே மாதிரி எழுதுங்கள்.

வளைகுடாவுக்குப் போய்வரும் குடும்பம் என்றால் இதையும் கவனியுங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதவேண்டும். வழக்கமாகப் பிள்ளையின் பெயர் ஒரு கட்டத்தில், அப்பாவின் பெயர் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போகும். அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் சொல்லிவிட்டது. நீளமான அப்பா பெயரும் நீளமான பிள்ளை பெயரும் சேர்ந்தால் விமான டிக்கெட்டில் துண்டாகிப்போகும் என்பதையும் பெயர் வைக்கும்போதே யோசிக்கலாம்.

6. பெயர் சேர்க்கப் போகும் இடம்

பிறந்த இடத்தில்தான் பதிவு இருக்கும். குடியிருக்கும் இடத்தில் தேடாதீர்கள். வள்ளியூர்க்காரர் பிள்ளை பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் வள்ளியூரில் போய் நின்று பயனில்லை. மாநகராட்சி எல்லைக்குள் உள்ள தனியார் மருத்துவமனை என்றால், தச்சநல்லூர், பாளையங்கோட்டை, மேலப்பாளையம், திருநெல்வேலி என்ற நான்கு மண்டலத்தில் எது என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நகராட்சி, பேரூராட்சியில் அந்தந்த அலுவலகம். கிராமத்து வீட்டுப் பிரசவத்துக்கு கிராம நிர்வாக அலுவலர். கிராமத்துப் பழைய பதிவேடுகளைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடவேண்டியிருக்கும்.

கொண்டுபோக வேண்டியவை: பெயரில்லாத பிறப்புச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, அப்பா அம்மா இருவரின் ஆதார் அசலும் நகலும், பெயர் சேர்க்கக் கோரும் உறுதிமொழிப் படிவம். பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தால் பள்ளிச் சான்று. படிவத்தில் பெற்றோர் இருவரும் கையெழுத்திடுவது நல்லது. கணவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்றால் கிளம்பும் முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பல பெண்கள் கைக்குழந்தையோடு திரும்பி அனுப்பப்படுவது இதற்காகத்தான்.

வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் ஆயிரக்கணக்கில் கேட்பார். முதல் வருடத்தில் இந்த வேலைக்குக் கட்டணமே கிடையாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு அவரைத் தாண்டி உள்ளே போங்கள். படிவம் நிரப்பித் தருவதற்கு ஒரு சிறு தொகை கொடுப்பது வேறு விஷயம். பதிவு வேலையைப் பார்க்கும் சுகாதார ஆய்வாளர்கள் காலையில் களத்தில் இருப்பார்கள். எந்த நேரத்தில் ஆபீசில் இருப்பார் என்று முந்தின நாளே விசாரித்துவிட்டுப் போவது மிச்சம்.

7. சான்றிதழ் வந்ததும் அன்றே படியுங்கள்

கணினியில் ஏறிய சான்றிதழைத் தமிழ்நாடு அரசின் பிறப்பு இறப்புப் பதிவுத் தளத்தில் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். இறக்கியதும் லேமினேஷன் கடைக்கு ஓடாமல் முதலில் படியுங்கள். பிள்ளை பெயர் இரு மொழியிலும், அப்பா பெயர் இரு மொழியிலும், அம்மா பெயர் இரு மொழியிலும், பிறந்த தேதி, பாலினம், முகவரி. எழுத்துப்பிழை இருந்தால் உடனே ஆதாரத்தோடு திருத்த மனு கொடுங்கள். அதே மாதத்தில் போனால் தட்டியவருக்கும் ஞாபகம் இருக்கும், மருத்துவமனைத் தாளும் கைக்கு எட்டும். ஐந்து வருடம் கழித்துப் போனால் ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்ற கேள்விக்கே முதலில் பதில் சொல்லவேண்டும்.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் என்று எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான சான்றாக அவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழையே கேட்பார்கள். நம் காலத்தில் டி.சி.யைக் காட்டிச் சமாளித்த மாதிரி அவர்கள் சமாளிக்க முடியாது.

சான்றிதழ் சரியாக இருந்தால் அடுத்து நீல நிற பால ஆதார். ஐந்து வயதுக்குள் கைரேகை எடுப்பதில்லை. ஐந்திலும் பதினைந்திலும் கைரேகை, கண் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அங்கேயும் அந்த வெள்ளைத் தாளைக் காட்டுங்கள்.

8. பத்தாம் வகுப்புக்கு முன் கடைசி வாய்ப்பு

பள்ளியில் சேர்க்கும்போது செல்லப்பெயரைச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. பொதுத்தேர்வுக்கு முன் மாணவர் விவரப் பட்டியல் தயாரித்து, பள்ளியில் உங்களிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அந்தக் கையெழுத்தைப் பிள்ளையைப் போடச் சொல்லி அனுப்பாதீர்கள், நேரில் போங்கள். பெயர், இனிஷியல், அப்பா பெயர், பிறந்த தேதி நான்கையும் பிறப்புச் சான்றிதழை வைத்துப் பாருங்கள். மதிப்பெண் சான்றிதழ் அச்சான பின் திருத்தம் என்றால் பள்ளி, கல்வி அலுவலகம், அரசுத் தேர்வுகள் துறை என்று போய்க்கொண்டே இருக்கும்.

9. பெரியவர்கள் மாற்றவேண்டும் என்றால் அரசிதழ்

சுடலைமாடன் என்ற பெயரோடு வெளியூரில் வேலை பார்ப்பவர் மாற்ற நினைக்கலாம். சான்றிதழில் இல்லாத இசக்கியைச் சேர்த்துக்கொள்ள நினைப்பவரும் உண்டு, நானே இருவரைப் பார்த்துவிட்டேன். என்னைப் போல ஆங்கில எழுத்தை ஒன்றாக்க நினைப்பவரும் இருக்கலாம். எல்லோருக்கும் வழி ஒன்றுதான், தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு.

விண்ணப்பம் எழுதுபொருள் அச்சுத் துறையின் இணையதளத்தில் கிடைக்கும். அலுவலகம் சென்னை அண்ணா சாலையில். தபாலில் அனுப்பலாம். கட்டணம் சில நூறு ரூபாய்தான். அனுப்பும் வாரத்தில் அந்தத் தளத்தில் போட்டிருக்கும் தொகையைப் பார்த்துக் கட்டுங்கள், போன வருடம் மாமா கட்டிய தொகையைக் கட்டாதீர்கள். பிறப்புச் சான்றிதழ் அல்லது பள்ளிச் சான்றிதழ் நகல், முகவரிச் சான்று, சான்றொப்பமிட்ட புகைப்படம் வேண்டும். அறுபது வயது தாண்டியவர்களுக்கு மருத்துவரிடமிருந்து உயிர்வாழ் சான்று கேட்பார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்திட வேண்டும்.

படிவத்தை நிரப்பும்போது பழைய பெயரை உங்கள் கையில் உள்ள சான்றிதழில் இருக்கிறபடியே, அதன் பிழையோடு எழுதுங்கள். நல்ல எண்ணத்தில் பழைய பெயரைத் திருத்தி எழுதிவிட்டால், அரசிதழில் வரும் பழைய பெயருக்கும் உங்கள் சான்றிதழுக்கும் சம்பந்தமில்லாமல் போய்விடும். பழைய பெயர் இரண்டு மூன்று வடிவில் இருந்தால், மற்ற வடிவங்களையும் குறிப்பிட முடியுமா என்று முன்பே கேளுங்கள்.

மாவட்டப் பெயரில் தடுமாறாதீர்கள். 1986-க்கும் 1997-க்கும் இடையில் வாங்கிய தாள்களில் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று இருக்கும், தூத்துக்குடிப் பக்கத்தவர்களுக்குச் சிதம்பரனார் மாவட்டம். தென்காசி, சங்கரன்கோவில்காரர்களின் பழைய தாளில் திருநெல்வேலி மாவட்டம் என்று இருப்பதும் பிழை அல்ல. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-இல். சான்றிதழில் உள்ளதை அப்படியே எழுதி, இன்றைய முகவரியில் மட்டும் இன்றைய மாவட்டத்தைப் போடுங்கள்.

அரசிதழ் வாரந்தோறும் புதன்கிழமை வரும். உங்கள் அறிவிப்பு வந்த இதழைக் கையில் வாங்கியதும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அச்சுப்பிழை இருந்தால் தாமதிக்காமல் எழுதிப் போடுங்கள். பிறகு வரிசை இப்படிப் போகட்டும்: முதலில் ஆதார், அடுத்து பான், அதன்பின் வங்கி, கடைசியாக பாஸ்போர்ட். திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா மையம் மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. ஏதாவது தாள் குறைந்து கோப்பு அங்கே போய்விட்டால் மதுரைக்கு ஒரு பஸ் டிக்கெட் எடுக்கவேண்டியிருக்கும்.

பழைய மதிப்பெண் சான்றிதழ்கள் பழைய பெயரிலேயேதான் இருக்கும். அவற்றை எங்கே காட்டினாலும் கூடவே அரசிதழின் நகலை வைக்கவேண்டும். அதனால் அசல் இதழை மடிக்காமல் ஒரு கோப்பில் போட்டு, பெயர் வந்துள்ள பக்கத்தையும் இதழின் முதல் பக்கத்தையும் சேர்த்து நகலெடுத்து, வேலை பார்க்கும் ஊரில் ஒரு கட்டு, சொந்த ஊரில் ஒரு கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் உள்ள பக்கத்தை மட்டும் கொடுத்தால் தேதி எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.